ஏழரைச் சனியும் மூன்று மணி ஆட்டமும்

லண்டன் ஹவுன்ஸ்லோப் பகுதிப் பிள்ளைகளில் பாதிப் பேரின் கால்களை நான் அளந்திருக்கிறேன். பதினோரு வருடமாகச் சப்பாத்துக்கடையில் வேலை. ஒரு முழங்காலை ஊன்றி இருந்து, பிள்ளையின் குதிக்காலை அளவுப் பலகையில் பதியவைத்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலளவு இடம் விட்டு, "ஈஸ்டர் வரைக்கும் தாங்கும்" என்று தாய்மாருக்குச் சொல்வேன். இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு குறைதான். சப்பாத்து வாங்குகிறவர்கள் எல்லாரும் சனிக்கிழமைதான் வருவார்கள். எங்கள் உதைபந்தாட்ட அணியும் சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் விளையாடும்.

எங்கள் அணி என்றதும் தொலைக்காட்சியில் வரும் பெரிய அணிகளை நினைத்துவிட வேண்டாம். எங்கள் மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் கூரை. மழை வந்தால் எல்லாரும் அந்தப் பக்கம் ஒதுங்குவோம். மூலைக்கொடிக்கு அருகே, இரும்புக் கம்பியில் முழங்கையை ஊன்றி நிற்க எனக்கென்று ஓர் இடம் உண்டு. நான் கோபக்காரன். வீட்டில் வாயைத் திறக்காமல் அடக்கி வைத்திருப்பதையெல்லாம் அங்கே நடுவர் தலையில் கொட்டிவிட்டு வந்தால், ஒரு கிழமைக்குச் சாதுவாக இருப்பேன். இதை என் மனைவியே ஒப்புக்கொள்வாள்.

முதலில் எனக்கு வாரநாட்களில்தான் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் புதிய முகாமையாளர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி. நேர்மையானவர், அதனாலேயே தப்ப முடியாதவர். சனி ஞாயிறு எல்லாருக்கும் கட்டாயம் என்றார். லீவு வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். அவர் அதை வேலை அட்டவணையில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். உதைபந்தாட்டம் பார்க்கப் போக வேண்டும் என்று கேட்டேன். உதைபந்தாட்டத்துக்கு லீவு கொடுத்தால் சனிக்கிழமை கடையில் தான் மட்டும்தான் நிற்க வேண்டி வரும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சனிக்கிழமைகளில் கால் அளந்தேன். மூன்று மணியானதும் கண் தானாகவே கடிகாரத்துக்குப் போகும். அந்தப் புரட்டாசியில் ஒருநாள், வேலைக்குப் புறப்படும்போது, எள்ளெண்ணெய் வாங்கி வரும்படி மனைவி சொன்னாள். எங்கள் ஆட்கள் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதமிருந்து, கோயிலில் சனீஸ்வரனுக்குக் கறுப்புத் துணியில் எள்ளு முடிந்து எண்ணெயில் எரிப்பது வழக்கம். அந்த எண்ணெய்ப் பேச்சு காதிலிருக்கும்போதே முகாமையாளர் எதிரில் வந்தார். என் வாயிலிருந்து சனி கிரகம், சனிக்கிழமை, கோயில் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன.

சமயக் காரணம் என்றதும் அவர் முகம் மாறியது. எவ்வளவு காலத்துக்கு என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு மாதம் என்று சொல்லியிருந்தால் உண்மைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் நின்றிருப்பேன். ஆனால் எங்கள் ஆட்டங்கள் மே மாதம் வரை இருந்தன. "ஏழரை வருடம்" என்றேன். அவர் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

சொந்த மைதான ஆட்டம் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமைதான் வரும். ஆகவே சனி ஒரு வாரம் பிடிப்பார், ஒரு வாரம் இளைப்பாறுவார் என்று விளக்கினேன். இரண்டு ஆட்டங்கள் அடுத்தடுத்து வந்தபோது, கிரகம் வக்கிரமாகிப் பின்னோக்கிப் போகிறது என்றேன். இது சாத்திரத்தில் உள்ளதுதான். கோடையில் ஆட்டமே இல்லை. அப்போது சனி தணிந்திருப்பார் என்றேன். இதற்கு எந்தச் சாத்திரமும் இல்லை. சனி பிடித்தவர்கள் விழுந்து கால் கையை முறித்துக்கொள்வதுண்டு என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு, நான் வேலைக்கு வரும் சனிக்கிழமைகளில், களஞ்சிய அறையின் ஏணியில் என்னை ஏறவிடாமல் அவரே ஏறிப் பெட்டிகளை எடுத்துத் தந்தார்.

"சனீஸ்வரனோட விளையாடாதேங்கோ" என்றாள் மனைவி. "உங்கட சாதகத்துக்கு ஏழரை இன்னும் தொடங்கேல்லை. இனித்தான் வரும்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது இரண்டு வருடம் ஓடியது. ஆனால் அதில் ஒரு துன்பம் இருந்தது. ஞாயிறு காலை கடைக்குள் நுழைந்ததும் முகாமையாளர், "கோயில் எப்படி இருந்தது?" என்று கேட்பார். நல்லது என்பேன். ஒருமுறை நான்குக்கு மூன்று என்று வென்றோம். கடைசி கோல் கடைசி நிமிடத்தில் விழுந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்து நின்றேன். முகாமையாளர் கேட்டபோது, தேவாரம் பாடியதில் என்றேன். அந்த வெற்றியை யாருக்கும் சொல்ல முடியாமல் நாள் முழுக்க மென்றுகொண்டு திரிந்தேன்.

போன வருடம் ஆவணியில் கடைக்கு ஒரு தங்கச்சி புதிதாக வேலைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், எங்கள் ஊர்ப்பக்கம். கணவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் முதுகை உடைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவர் எழுந்து நடப்பாரா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. புரட்டாசிச் சனி எல்லாவற்றுக்கும் கோயிலுக்குப் போய் எள்ளு எரிப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். லீவு கேட்டபோது, அந்தக் காரணத்துக்கு ஏற்கெனவே ஒருவர் போகிறார், ஒரே சனிக்கிழமையில் இரண்டு பேரை விட முடியாது என்று முகாமையாளர் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்.

எனக்கு அது தெரியாது. புரட்டாசி முதல் சனிக்கு முந்திய நாள் அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணை, நீங்கள் கோயிலுக்குப் போட்டு வாங்கோ. உங்களுக்கு ஏழரையெல்லே. எனக்கு நேர்த்திதானே, நான் மற்றக் கிழமை பாக்கிறன்."

பிறகு கறுப்புத் துணியில் முடிந்த எள்ளுப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தாள். "எங்கட அவருக்கும் சேத்து இதை எரிச்சுவிடுங்கோ."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஓம் தங்கச்சி" என்றேன். அடுத்த நாள் அந்த ஆட்டத்தை விட எனக்கு மனம் வரவில்லை. முடிந்ததும் மாலைப் பூசைக்குப் போய் எரித்துவிடலாம், யாருக்கும் குறையில்லை என்று கணக்குப் போட்டு, பொட்டலத்தை மேற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. வழக்கம்போல வரிசையில் நின்று சூடாக ஓர் இறைச்சி பேஸ்ட்ரி வாங்கினேன். துடைக்கத் தாள் எடுப்பதற்காக மேற்சட்டைப் பைக்குள் கைவிட்டபோது பொட்டலம் தட்டுப்பட்டது. ஒரு கையில் விரதத்துக்கு ஆகாத மச்சம், மற்றக் கையில் இன்னொருத்தியின் விரத எள்ளு. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தப் பொட்டலம் ஒரு கரண்டி எள்ளின் பாரம்கூட இல்லை. எனக்கு வாயைத் திறந்து கடிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் இந்நேரம் கடையில் என் இடத்தில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இருப்பாள்.

பக்கத்தில் நின்ற மனிதரிடம் இறைச்சி பேஸ்ட்ரியைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தேன். இரண்டாம் பாதி தொடங்கும் விசில் எனக்குப் பின்னால் கேட்டது. பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. எங்கள் பக்கத்துச் சத்தம்தான், எனக்குத் தெரியும். திரும்பிப் போகவில்லை.

வீட்டுக்குப் போய் முழுகி, வேட்டி மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மனைவி எண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தந்தாள். கோயிலில் நல்ல சனம். பொட்டலத்தை எரித்த பிறகு, அந்த மனிதருக்கு ஓர் அர்ச்சனையும் செய்யலாம் என்று நின்றேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்கு இரண்டும் தெரியாது, தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். கணவருக்காக அவள் கைபேசியை எப்போதும் பையிலேயே வைத்திருப்பாள். எடுத்தாள். பின்னால் மணியடிக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள்.

"நீங்கள் நல்லா இருக்கோணும் அண்ணை" என்றாள்.

அதற்குப் பிறகும் மறைப்பதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்கும் முன், இரண்டு பேரும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"தங்கச்சி, எனக்கு ஏழரையுமில்லை, ஒண்டுமில்லை. இவ்வளவு நாளும் கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டு மட்ச் பாக்கத்தான் போறனான். நேற்றும் முதல் அங்கதான் போனனான்."

அவள் ஒரு சோடிச் சப்பாத்துக்குள் கடதாசியைத் திணித்துக்கொண்டே இருந்தாள்.

"எள்ளை எரிச்சனிங்களோ?"

"எரிச்சனான். முழுகிப்போட்டுத்தான் போனனான்."

"மச்சம் சாப்பிட்டனிங்களோ?"

"இல்லை. கையில வாங்கினனான், சாப்பிடேல்லை."

"அப்ப அது சரி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மற்றது சரியில்லை. மனேச்சரிட்டைப் போய் நீங்களே சொல்லுங்கோ" என்றாள். அன்று முழுவதும் அவளுக்கு என்னோடு வேறு பேச்சில்லை. அது எனக்குச் சுட்டது.

முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் அட்டவணையை எடுத்து மேசையில் விரித்தார். அந்த ஏழரை வருடம் உண்மையில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை, இப்போது கோயிலுக்குப் போக வேண்டியவள் அந்தத் தங்கச்சிதான் என்றேன். வேலை போய்விடும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் அழிறப்பரை எடுத்து என் பெயருக்கு எதிரே இருந்ததை அழித்தார். அழுத்தி அழித்ததில் தாள் கொஞ்சம் கிழிந்தது. புரட்டாசியில் மீதியிருந்த சனிக்கிழமைகளில் அவள் பெயரை எழுதினார். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார்.

"உனக்காக நான் இரண்டு வருடம் ஏணி ஏறினேன்" என்றார் கடைசியாக. "எனக்கு முழங்கால் வலி."

அடுத்த சனிக்கிழமை முதல் ஏணியில் நான்தான் ஏறினேன். ஒன்பதாவது படியில் நின்று பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மூன்று மணியானது. ஆட்டம் தொடங்கியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த பெட்டியை எடுத்தேன். இரண்டு வருடத்தில் முதன்முறையாக, யார் என்ன கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய மனிதனாக இருந்தேன். அந்தச் சுகத்துக்குச் சில ஆட்டங்கள் போனால் போகட்டும்.

தங்கச்சி தன் நேர்த்தியை முடித்தாள். கணவரின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, கார்த்திகையில் அவர் தடியோடு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். கோயிலா ஆஸ்பத்திரியா என்று நான் விசாரிக்கவில்லை. ஒருநாள் அவளாகவே வந்து, ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில் என் வேலையையும் தான் சேர்த்துப் பார்ப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வேலையையும் நான் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். முகாமையாளரிடம் சேர்ந்து போனோம். இருவரும் சம்மதித்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். காரணம் என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார்.

"உதைபந்தாட்டம்" என்றேன். அவர் எழுதினார்.

எங்கள் அணியின் மப்ளரை உள்ளே ஒளிக்காமல் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு போனேன். மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். எங்கள் கோல்காப்பாளர் நின்ற நிலையில் நித்திரை கொண்டாரோ தெரியாது. அடுத்த நாள் காலை கதவைத் திறந்துகொண்டு நுழைந்தேன். தங்கச்சிக்கு அன்று வேலையில்லை, ஆனால் மகனுக்குச் சப்பாத்து எடுக்க வந்து நின்றாள்.

"எப்பிடி அண்ணை மட்ச்?" என்றாள்.

முகாமையாளரும் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"தோத்துப்போனம்" என்றேன். பிறகு முதல் கோலிலிருந்து தொடங்கினேன். நடுவரைத் திட்டினேன், கோல்காப்பாளரைத் திட்டினேன், காற்றையும் திட்டினேன். தொண்டை ஏன் கட்டியிருக்கிறது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. கடை திறக்கும் நேரம் தாண்டி, வெளியே இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு காத்து நின்றன. நான் அப்போதுதான் மூன்றாவது கோலுக்கு வந்திருந்தேன். வாழ்க்கையில் ஒரு தோல்வியை இவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் சொன்னதில்லை.