துருப்பிடித்த நங்கூரத்தின் கடைசிப் பாட்டு

நான் இயந்திரக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடம் கப்பலின் அடித்தட்டில் எண்ணெயும் ஸ்பேனருமாகக் கிடந்தவன். இயந்திர அறையில் ஜின்னைக் கண்டேன், செத்துப்போன கப்டனைக் கண்டேன் என்று கதை சொன்னவர்களை எல்லாம் ஒழுங்காகத் தூங்கப் போகச் சொல்லியிருக்கிறேன். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், இதுதான் என் கொள்கை. இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரியுங்கள், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

நான் கடைசியாக வேலை செய்தது ஒரு கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பலில். அதில் இரண்டாவது எஞ்சினியராக இருந்தவன் மனோலிஸ். முதுகு வரை முடி, இரண்டு கையிலும் பச்சை குத்தியிருப்பான், ஆனால் ஒரு எறும்பைக்கூட மிதிக்க யோசிக்கிற மனிசன். வேலை இல்லாத நேரம் கையில் கிடைக்கிற ஸ்பேனர்களை எடுத்துக் குழாய்களில் தட்டிக்கொண்டே இருப்பான். என்னடா இது என்று ஒருநாள் கேட்டேன். அன்று தொடங்கின கதை, ஒப்பந்தம் முடியும் வரைக்கும் ஓயவில்லை.

அவன் ஏதென்ஸ் பக்கம் துறைமுகத்தடியில் பிறந்தவன். இளவயதில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு திராஷ் மெட்டல் இசைக்குழு வைத்திருந்தார்களாம். திராஷ் மெட்டல் என்றால் கிட்டாரும் டிரம்மும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுகிற, ஒரு மூச்சில் நூறு அடி அடிக்கிற சங்கீதம். குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் 'துருப்பிடித்த நங்கூரம்'. ஒரு பேக்கரிக்குக் கீழே நிலவறையில் முட்டை மட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டிப் பயிற்சி செய்வார்கள், அந்த அதிர்வில் மேலே பாண் மா பொங்கவில்லை என்று பேக்கரிக்காரன் வந்து சண்டை பிடிப்பான். ரேடியோவிலும் அவர்களைப் போட மாட்டார்கள், கடையிலும் விற்க மாட்டார்கள். தாங்களே கசெட்டில் ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துப் போலந்து, பிரேசில், ஜப்பான் என்று முகம் தெரியாத ஆட்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள், அவர்கள் தங்கள் கசெட்டைத் திருப்பி அனுப்புவார்கள். காசு மிச்சம் பிடிக்க முத்திரையில் சவர்க்காரம் பூசி அனுப்புவார்களாம், பெற்றவன் அதைக் கழுவி, தபால் சீலை அழித்து, மறுபடி ஒட்டி அனுப்புவான். இதைச் சொல்லிச் சொல்லி மனோலிஸ் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பான்.

ஒரே ஒரு கதையைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டான். கிட்டார் வாசித்த லெப்தரிஸ் என்பவன் கடைசியாக ஒரு பாட்டுக் கட்டினான். நிலவறையில் நான்கு பேரும் அதை ஒரு தடவை வாசித்து, மனோலிஸின் கசெட் மிசினில் பதிந்தார்கள். பாட்டுக்கு முடிவு வரவில்லை, நடுவிலேயே நின்றது. முடிவை நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனவன் வீடு போய்ச் சேரவில்லை. மற்ற மூன்று பேரும் அதோடு வாத்தியங்களை மூடி வைத்துவிட்டார்கள், மனோலிஸ் கப்பலேறினான். அந்தக் கசெட்டைத் திரும்பக் கேட்கத் தைரியம் வராமல் தாயின் வீட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன் என்றான்.

நான் ஊருக்கு வரக் கப்பலை விட்டு இறங்கின அன்று, அவன் கப்பலில் கூடவே வைத்திருந்த அந்தக் கசெட் மிசினை எனக்குப் பரிசாகத் தந்தான். வைத்திருந்தால் மனசு கனக்குது, நீ கொண்டு போ என்றான். என் ஊர் மருதமுனைக்கு வந்து திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கசெட், மேலே என்னவோ எழுத்து. போட்டேன். ஒரே இரைச்சல். நாடா கசங்கிவிட்டது என்று நினைத்தேன், அல்லாஹ் மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தேன். அவன் கதை கதையாகச் சொன்னானே தவிர அந்தச் சங்கீதத்தை எனக்கு ஒருநாளும் போட்டுக் காட்டியதில்லை, அது எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்.

அந்த வாரம் என் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைத்துப் போகும்போது பொல்லடிக்க வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம், வட்டமாக நின்று, ஆளுக்கு இரண்டு கம்பு, ஆட்டம் பழக்குகிற அண்ணாவியார் தாளம் தட்டிப் பாட நாங்கள் அடித்து ஆட வேண்டும். எட்டுப் பேரில் நானும் ஒருவன். அதைப் பதிவதற்குப் புதுக் கசெட் தேடினால் பக்கத்துக் கல்முனையில் ஊரடங்கு, ஒரு கடைகூடத் திறக்கவில்லை. அழிபடக் கூடாது என்று மூலையை உடைத்துவிட்ட துவாரத்தில் கடதாசியைத் திணித்தால் எந்தக் கசெட்டிலும் மேலால் பதியலாம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அந்த இரைச்சல் கசெட்டில் திணித்தேன், பதிந்தேன். அதோடு மறந்தும் போனேன்.

பல வருடம் கழிந்து, போன வருடம் பேஸ்புக்கில் மனோலிஸ் என்னைத் தேடிப் பிடித்தான். தாய் இறந்து வீட்டை ஒதுக்கும்போது பெட்டியைத் திறந்தானாம், கசெட் இல்லை. அந்த மிசினுக்குள் ஏதாவது இருந்ததா றபீக் என்று கேட்டிருந்தான். இரைச்சல் என்று நான் அழித்தது அந்தப் பாட்டைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. மிச்சமிருக்கிற மூன்று பேரும் இப்போது மறுபடி சேர்ந்திருக்கிறார்களாம், அந்தப் பாட்டை முடிக்க வேண்டும், ஆனால் ஒருவருக்கும் அது முழுசாக நினைவில் இல்லையாம். தேடிப் பார்க்கிறேன் என்று பொய் எழுதினேன். அவன் லேசுப்பட்ட ஆளா, அறுகம்பைக் கடற்கரைக்கு மனைவியோடு சுற்றுலா வருகிறேன், அப்படியே உன் வீட்டுக்கும் வருகிறேன் என்று பதில் போட்டான்.

நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாட்டைக் கொன்றது நான், அதை எந்த வாயால் சொல்வது. பரீதா, என் மனைவி, கடைசியில் ஒரு வழி சொன்னாள்.

"முதல்ல தின்னக் குடுங்க, மறுகா சொல்லுங்க. வெறும் வயித்தில கேட்டா மனிசன் தாங்க மாட்டான்."

அப்படியே செய்தோம். சஹனில் சோறு வைத்து, அவனும் நானும் ஒரே தட்டில் உட்கார்ந்தோம். முடி நரைத்துவிட்டது, ஆனால் அதே சிரிப்பு. மாட்டிறைச்சிக் கறியை விரல் வரைக்கும் நக்கினான். அதற்குப் பிறகு சொன்னேன். அவன் எழும்பிப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, மேலால் என்ன பதிந்தாய் என்று கேட்டான். பொல்லடி என்றேன். சரி, அதையாவது போடு, என் நண்பன் இருந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்தும் நல்ல வெயில். பற்றரி போட்டு மிசினை முற்றத்தில் வைத்தேன். அவன் மனைவி போனில் வீடியோ எடுத்தாள். அண்ணாவியாரின் குரல் வந்தது, எங்கள் கம்புகள் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடித்தன. இரண்டாவது பாட்டில் கம்புகளுக்கு அடியிலிருந்து ஒரு கிட்டார் கிளம்பியது.

பழைய பதிவு முழுசாக அழியாமல் கொஞ்சம் மிஞ்சும், இயந்திரக்காரனான எனக்கு அது தெரியும். ஆனால் மிஞ்சினது முணுமுணுப்பாகத்தான் கேட்க வேண்டும், இது முற்றம் அதிரக் கேட்டது. அதைவிட, தாளம். எங்கள் கம்பு விழுகிற இடத்தில் அவர்கள் டிரம் விழுந்தது, நாங்கள் வேகம் கூட்டினால் கிட்டாரும் கூட்டியது. பல வருட இடைவெளியில், இரண்டு தேசத்தில் பதிந்த இரண்டு சத்தம் ஒரே வட்டத்தில் நின்று அடிப்பது போலக் கேட்டது. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

மனோலிஸ் துள்ளி எழும்பினான். பரீதா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சோற்றுக் கிடாரத்துக்கு முன்னால் போய்க் குந்தினான், அவள் ஒன்றும் கேட்காமல் இரண்டு அகப்பையைக் கையில் கொடுத்தாள். அவன் அடித்த அடி! பக்கத்து வளவில் தறியை நிறுத்திவிட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள், ரோட்டால் போனவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து கை தட்டினார்கள். கல்யாண வீட்டில்கூட அந்தக் களை இருந்ததில்லை. நான் ஐம்பத்தெட்டு வயதில் வியர்க்க வியர்க்க ஆடினேன்.

பிறகு பொல்லடியின் முடிப்பு வந்தது. கம்புகள் நான்கு தரம் உருண்டன, ஒரு மூச்சு அளவுக்கு எல்லாம் நின்றன, கடைசியில் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே அடி. கிட்டாரும் அப்படியே நான்கு தரம் உருண்டு, நின்று, அந்த ஒரே அடியில் முடிந்தது.

மனோலிஸின் அகப்பை அந்தரத்தில் நின்றது. இந்த இடம் எங்களிடம் இல்லை என்றான், இதைத்தான் லெப்தரிஸ் நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போனான், கொண்டு வந்துவிட்டான் என்றான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான், அழுதான், எது எது என்று எனக்கே தெரியவில்லை.

நாடாவைச் சுற்றி மறுபடி போட்டோம். வெறும் பொல்லடி மட்டும். பத்துத் தரம் போட்டும் அதுதான். ஆனால் அவன் மனைவியின் போனில் இரண்டும் இருக்கிறது, சந்தேகம் என்றால் என்னிடமும் ஒரு பிரதி உண்டு, வந்து கேளுங்கள். போன மாதம் அவர்கள் மூன்று பேரும் அந்தப் பாட்டை அதே முடிவோடு ஒரு சின்ன மண்டபத்தில் வாசித்து எனக்கு வீடியோ அனுப்பினார்கள். சனம் கூத்தாடுகிறது. பரீதா அதைத் தினமும் பார்க்கிறாள்.

அதைக் காட்டிச் சந்தோசப்படுத்துவோம் என்று அந்தக் கல்யாணத்தில் பாடின எங்கள் இஸ்மாயில் அண்ணாவியாரிடம் போனேன். உங்கள் முடிப்பு கிரேக்கம் வரைக்கும் போய்விட்டது என்றேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது எங்கட முடிப்பு இல்ல தம்பி. எங்கட முடிப்பில நிப்பாட்டு இல்ல, கடைசி ஒத்த அடியும் இல்ல. அண்டைக்கு மட்டும் தாளம் தட்டின என்ட கை அப்பிடிப் போச்சி. அடிச்சி முடிச்சாப் பொறகுதான் எனக்கே விளங்கினது. நான் காட்டித் தராம நீங்க எட்டுப் பேரும் எப்பிடிப் புடிச்சீங்க எண்டு அண்டையில இரிந்து யோசிக்கன்."

நான் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒத்திகையில் அந்த முடிப்பை நாங்கள் ஒருநாளும் அடித்ததில்லை. அந்தக் கல்யாணத்தில் நான்காவது உருட்டல் முடிந்ததும் என் கம்புகள் தாமாகவே நின்றன, அந்த ஒரு மூச்சுக்குள் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை, அடுத்த அடி எங்கே விழும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லித் தந்து தெரிந்தது என்று இன்றைக்கும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.