கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டப் போனபோது தஞ்சாவூர் கடைக்காரர் தயங்கினார்.

"இவ்வளவு கறுப்பு வேணாம் சார், போலீஸ் பிடிப்பாங்க. லேசா ஒட்டிக்கலாமே?"

"வெளியில இருந்து பார்த்தா ஆள் தெரியக்கூடாது" என்றேன்.

மறுவாரம் திருக்கடையூரில் அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம். தனியாகப் போனேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வேறு வண்டி இல்லை. வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த ஒருவர் என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

"என் சம்சாரத்தைப் பாம்பு கடிச்சிருச்சுங்க! ஆஸ்பத்திரியில விட்டுடுங்க!"

வரப்பில் ஒரு பெண் சாய்ந்து கிடந்தாள். எனக்கோ முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, சீட்டும் புதுசு. அவர் கண்ணாடியில் கைகளைக் குவித்து உள்ளே உற்றுப் பார்த்தார். அவர் கண்கள் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. மூச்சை அடக்கி அசையாமல் இருந்தேன். கேட் திறந்ததும் போய்விட்டேன்.

சில மாதம் கழித்து அறுவடைக்கு என் வயலுக்கு வந்த ஆட்களில் அவரும் இருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. டீ குடிக்கும்போது, "வீட்ல அவங்க வேலைக்கு வரலையா?" என்று மெல்லக் கேட்டேன்.

"பாம்பு கடிச்சு ஒரு காலை எடுத்துட்டாங்க. வண்டி கிடைக்க நேரமாயிருச்சுங்க. முதல்ல ஒரு கார் நின்னுச்சு. கண்ணாடி அவ்வளவு கறுப்பு. பாவம், உள்ள இருந்தவருக்கு நான் நின்னது தெரியலை போல."

"ஆமா, தெரிஞ்சிருக்காது" என்றேன்.

கேட்டைத் தாண்டிப் போனது அவசரத்தில் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். அந்தப் பதிலை எந்த அவசரத்தில் சொன்னேன்?