பூட்ஸில் ஏறிய தாத்தா

மோத்ரியாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தபால்காரர் முதல் பாதிரியார் வரை ஊரில் எல்லோருமே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அவள் மரியாதையாகப் பேசியது ஒருவரிடம்தான்: அடுப்புக்குப் பின்னால் குடியிருந்த, யார் கண்ணிலும் படாத வீட்டுப் பூதம். வீடு மாறும்போது பழைய பூட்ஸில் ஏற்றி அழைத்துப்போகாவிட்டால் அது வராது, புது வீடும் விளங்காது என்பது பொல்தாவா பக்கத்து நம்பிக்கை.

மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குக் கிளம்பிய காலையில், புருஷன் பனாஸின் பழைய பூட்ஸை அடுப்படியில் வைத்தாள். உள்ளே ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுவிட்டுக் குனிந்தாள்.

“தாத்தா, கோவிச்சுக்காம ஏறிக்குங்க. அங்கயும் உங்களுக்குன்னு ஒரு மூலை ஒதுக்கியாச்சு.”

லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். ஓரிடத்தில் மோத்ரியா உட்கார்ந்தாள். இன்னோரிடத்தில் பூட்ஸ் உட்கார்ந்தது. பனாஸ் பின்னால் போய், முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்தினான்:

“இத்தனை வருஷமா உன்கூடக் குப்பை கொட்டுறேன். என்னை ஒரு தடவையாவது இப்படி வாங்க போங்கன்னு கூப்பிட்டிருக்கியாடி?”

மோத்ரியா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“நீ கூப்பிடாட்டியும் வந்து நிப்பே. அவரு மானஸ்தரு.”