ஆவாரைக்கு விட்ட மூலை

அன்றைக்கு முற்றத்தில் நின்றவர்கள்: என் வீட்டுக்காரர். மகன். இன்டர்லாக் கல் பாவுகிற ஆள், கையில் டேப்போடு. மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மலையாளச் சேச்சி, தலை மட்டும். நான். அப்புறம் ஒரு பொத்தல் வாளியில் முழங்கால் உயர ஆவாரை.

மகன் ஸ்கூட்டர் வாங்கியிருந்தான். மழை பெய்தால் சக்கரம் சேற்றில் புதைகிறது. முற்றம் முழுக்கக் கல் பாவணும் என்றான். எங்கள் தெருவில் மண் முற்றம் எங்களுடையது மட்டும்தான். அவன் சொன்னது நியாயம்.

"அந்த மூலைல மட்டும் கல்லு வேண்டாம்" என்றேன்.

"எதுக்கு?"

"ஆவாரை வைக்கணும்."

வீட்டுக்காரர் சிரித்தார். "ரெண்டு செடியக் கொன்னது போதாதா ஏளா? மூணாவதும் கேக்குதா?"

கொன்றது உண்மை. பணகுடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ரோட்டோரம் நெற்றுப் பறித்து முந்தானையில் முடிந்து வந்தேன். அங்கே அது ஆட்டுக்கும் வெயிலுக்கும் நடுவில், யாரும் நடாமல் நிற்கிற செடி. இங்கே, இரண்டு மழையும் கொட்டுகிற எங்கள் ஊரில், நான் பார்த்துப் பார்த்து வளர்த்துச் சாகடித்தேன்.

கல்லுக்காரர் டேப்பைச் சுருட்டினார். "லோடு மழை முடிஞ்சுதான் வரும். தை ஆயிரும்."

"சரி அம்மா" என்றான் மகன். "அதுக்குள்ள பூத்தா மூலை உனக்கு. இல்லேன்னா கல்லு. ஓக்கேயா?"

"சரி."

பிழை என்னுடையது. இங்கே எது வைத்தாலும் சுற்றிலும் தண்ணீர் நிற்கிற மாதிரி தடம் வெட்டுவோம். தென்னையானால் தேங்காய் மட்டையை வேரைச் சுற்றி அடுக்குவோம், ஈரம் போகாமலிருக்க. ஆவாரைக்கும் அதையே செய்தேன். இரண்டாவது செடி செத்ததும் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, ஊறின புளி மாதிரி கையோடு வந்தது. தாகத்தில் செத்த வேர் அப்படி இருக்காது. ஒடியும். இது மூழ்கிச் செத்தது.

அதனால் இந்தத் தடவை குழி வெட்டவில்லை. மேடு போட்டேன். சேச்சி வீட்டில் கூரை பிரித்துப் போட்டிருந்த உடைந்த ஓட்டைக் கேட்டு வாங்கிச் சட்டி சட்டியாகச் சுமந்தேன். அடியில் ஓடு, அதன் மேல் சரல்கல், அதன் மேல் மணல். முழங்காலுக்கு வந்தது. வாளியைக் கிழித்துச் செடியை வேர்மண் உதிராமல் மேட்டில் வைத்தேன். சுற்றிலும் சால் கீறித் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினேன். நாலு கம்பு நட்டு மேலே பிளாஸ்டிக் ஷீட்டும் கட்டினேன்.

"எந்தா இது, செடிக்கு வீடு வைக்கிறியோ?" என்றாள் சேச்சி. "பால் காய்ச்சுக்கு என்னை விளிக்கணும், கேட்டோ."

"விளிக்கேன்" என்றேன்.

மழையைவிட வீட்டுக்காரர்தான் பாடு. சாயங்காலம் ஓஸ் பிடித்து எல்லாச் செடிக்கும் தண்ணீர் விடுவார். அது அவர் சுகம்.

"பாவம், தாகிச்சு நிக்குது."

"நிக்கட்டும்."

"கல்நெஞ்சுக்காரி."

ஒரு நாள் காலையில் பார்த்தேன். மழையே இல்லை, மேடு நனைந்திருந்தது. சண்டை போடவில்லை. ஓஸை அறுத்தேன், அந்த மூலைக்கு எட்டாத அளவுக்கு. அன்று சாயங்காலம் அவர் ஓஸை இழுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். 

வைகாசியில் பிடித்த எடவப்பாதி மழை போயிற்று. செடி நின்றது. ஐப்பசியில் துலாமழை மூன்று நாள் விடாமல் அடித்தது. காற்றில் ஷீட் பறந்து சேச்சியின் முருங்கையில் மாட்டியது. இலை பூரா கொட்டிக் குச்சிதான் மிச்சம்.

மகன் குனிந்து பார்த்தான். "அம்மா, அது போயாச்சு."

நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை. "போகல" என்றேன். நனைந்த மணலை அன்றைக்கே வாரிவிட்டு, வேர் அசையாமல் காய்ந்த மணல் போட்டேன்.

கார்த்திகையில் தளிர் விட்டது. மார்கழி பாதியில் நுனியில் மொட்டு. பிறகு மஞ்சள். ஒரு கொத்து, இரண்டு, அதற்குப் பிறகு கிளைக்குக் கிளை. நான் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. கண் இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

மகன் ஒரு நாள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான்.  பிறகு போன் எடுத்துக் கல்லுக்காரரிடம் பேசினான்.

"அண்ணாச்சி, அந்த மூலைய வட்டமா விட்டுருங்க. ஆமா. எங்க அம்மா வளத்த செடி அங்க நிக்கி."

எங்க அம்மா வளத்த செடி. நான் அடுப்படிக்குள் நின்று கேட்டேன். அவனுக்குத் தெரியாது.

தை மாதம் லோடு வந்தது. இரண்டு நாளில் பாவி முடித்தார்கள். மேட்டைச் சுற்றி வட்டமாக மண் விட்டிருந்தார்கள். முதலில் அளந்த கணக்கில் அந்த வட்டத்துக்கும் சேர்த்துக் கொண்டுவந்து, போடாமல் மிஞ்சின கல்லை மதிலோரம் அடுக்கியிருந்தார்கள். திருப்பி ஏற்றவா என்று கேட்டார்கள். கிடக்கட்டும் என்றேன்.

அவர்கள் போனபிறகு, என் மூலைக்கு விட்டுக்கொடுத்த கல் எத்தனை என்று எண்ணினேன்.

முப்பத்தேழு.