பெயர் கிழித்த ரத்தம்

இன்று காலை பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஏழு மாத வயிறு.

"அக்கா, நீங்கதானே ஆஸ்பத்திரில எனக்கு ரத்தம் எடுத்தீங்க?"

"ஆங், நான்தான்."

நான் லேப் டெக்னீஷியன். கர்ப்பிணிகளிடம் மற்ற பரிசோதனைகளுக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சமானதை, பெயரைக் கிழித்துவிட்டு எண் ஒட்டி, எச்.ஐ.வி. கணக்கெடுப்புக்கு அனுப்பியிருந்தோம். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போன ரத்தத்திலும் கிருமி இருக்கிறது என்று கணக்கெடுப்புக்காரர்கள் நேற்றுதான் சொன்னார்கள். யாருடையது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எச்.ஐ.வி. டெஸ்ட்டு தனியா குடுக்கச் சொன்னாங்களே, குடுத்தியாம்மா?" என்றேன்.

"இன்னாத்துக்குக்கா? அதான் எல்லாம் பாத்தீங்களே. ஏதாச்சும் இருந்தா சொல்லாமலா இருப்பீங்க?"

நாங்கள் பேசாமல் இருந்ததையே அவள் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அந்த ரத்தத்துல எச்.ஐ.வி. பாத்தது ஊர்க் கணக்குக்கும்மா. அதுல யார் பேரும் இல்ல. உனக்குன்னு பாக்கணும்னா நீ வந்து குடுத்தாதான். இருந்தாக்கூட மாத்திரை இருக்குது, கொழந்தைக்கு வராம பாத்துக்கலாம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ எனக்கு இருக்குதாக்கா?"

"தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

அவள் நம்பவில்லை. திங்கட்கிழமை புருஷனைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். தன் ஊர் வரும் முன்பே எழுந்துபோய்ப் படிக்கட்டருகே நின்றுகொண்டாள்.

மாவட்டத்துக்கே கணக்குச் சொல்ல உதவிய எனக்கு, ஒருத்தியைப் பயமுறுத்தாமல் பேசத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.