மறையூர் மூன்றில் கை அசையவில்லை

1. பதினேழு பெயர்கள்

அன்று காலை எங்களுடைய நான்கு சர்வர்களில் ஒன்று படுத்துவிட்டது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் மறுபடி லாகின் செய்து மீதி மூன்றில் வந்து ஏறிக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு மூன்றிலும் மெமரி முட்டிவிட்டது. கண்காணிப்புத் திரையான டாஷ்போர்டில் ஒரு பச்சைக் கோடுகூட இல்லை.

கொல்லங்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் கணினிப் பிரிவு அது. விர்ச்சுவல் டெஸ்க்டாப்களைக் கண்காணிப்பது என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: டாக்டர் மேசையிலோ ரிசப்ஷனிலோ இருப்பது வெறும் திரையும் ஒரு சின்னப் பெட்டியும்தான். அவர்களுடைய கணினி உண்மையில் எங்கள் சர்வருக்குள் ஓடுகிறது. யாருடைய கணினி எவ்வளவு மெமரி தின்கிறது, யார் வேலை செய்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்பதெல்லாம் என் திரையில் தெரியும். நான் லாக் ஆஃப் கொடுத்தால் அந்தக் கணினி துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். சேமிக்காதது எதுவும் திரும்பி வராது.

எங்கள் மேலாளர் தங்கவேல் சார் கையில் இரண்டு போனோடு வந்து நின்றார்.

"ஏனுங்க கலாமணி, டாக்டருங்க எல்லாம் கத்தறாங்க. ஸ்கிரீன் நவுரவே மாட்டேங்குதாமா. ஏதாச்சும் பண்ணுங்க."

"ஐடில்ல இருக்கறத லாக் ஆஃப் பண்ணுனா கொஞ்சம் மெமரி கெடைக்குங்க சார்."

"அப்பறம் என்ன யோசன? கால் மணி நேரமா சும்மா கெடக்கறதையெல்லாம் சாத்தி வுடுங்க."

ஐடில் என்றால் கீபோர்டும் மவுஸும் அசையவில்லை என்று அர்த்தம். வரிசைப்படுத்திப் பார்த்தேன். பதினேழு பெயர்கள். அதில் 'மறையூர் மூன்று', அதாவது எங்கள் மறையூர்க் கிளையின் மூன்றாவது கணினி, இருபத்திரண்டு நிமிடமாக அசையவில்லை. டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பதினேழையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தாக அழுத்தினேன்.

மெமரி இறங்கியது. தங்கவேல் சார் ஒரு போனில், "இப்ப பாருங்க டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

2. செல்வி

ஒரு நிமிடம் ஆகியிருக்காது. என் மேசைப் போன் அடித்தது.

"யக்கா, மறையூர்லருந்து செல்வி பேசுறேன். என் ஸ்கிரீன் போயிருச்சுக்கா. பேசிக்கிட்டு இருந்த போன் கட்டாயிருச்சு. அந்தப் புள்ளைக்கு வலி வந்துருச்சுக்கா!"

தேயிலை எஸ்டேட் தொழிலாளிகளுக்காக மருத்துவமனை நடத்திய தமிழ் உதவி எண்ணில் செல்வி வேலை பார்த்தாள். எஸ்டேட் குடும்பத்துப் பெண். அதுவரை அவளை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த போன் கால்களும் விர்ச்சுவல் டெஸ்க்டாப் வழியாகத்தான் போகும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கையை எதிலும் வைக்கவில்லை. அதைத்தான் என் டாஷ்போர்டு சும்மா இருப்பதாகக் காட்டியது.

"யாருக்கு வலி?"

"எஸ்டேட்டு மேல் டிவிஷன்ல ஒரு புள்ள, மாசமா இருக்கு. லயத்து வீட்டுல ஒத்தையில கெடக்கு. எல்லாரும் கொழுந்து எடுக்கப் போயிட்டாக. ஜீப்பு அனுப்பியாச்சு, வந்துக்கிட்டு இருக்கு. அதுவரைக்கும் பேசிக்கிட்டே இருக்கேன்னு சொல்லியிருந்தேன்க்கா. நம்பரு ஸ்கிரீன்லதான் இருந்துச்சு."

"திரும்ப லாகின் பண்ணிப் பாத்தியா?"

"சுத்திக்கிட்டே இருக்குக்கா."

சுற்றத்தான் செய்யும். நான் காலி செய்த இடத்தில் அதற்குள் வேறு யாரோ ஏறியிருந்தார்கள். லாக் ஆஃப் ஆன கணினிக்குள் தேடிப் பயனில்லை. ஆனால் போன் கால்கள் எல்லாம் தனியாக ஒரு டெலிபோன் சர்வரைத் தொட்டுத்தான் போகும், அதில் பட்டியல் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அதன் பாஸ்வேர்டை முதல் தடவை தப்பாக அடித்தேன். இரண்டாம் தடவை திறந்தது. மறையூர் மூன்று, இருபத்து மூன்று நிமிடம் ஓடித் துண்டான அழைப்பு, ஒன்றே ஒன்று.

"செல்வி, உன் சொந்த போனை எடு. நம்பர் சொல்றேன்."

சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். என் லைனை வைக்காமலே மொபைலில் கூப்பிட்டாள். மணி அடிப்பது எனக்கும் லேசாகக் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை செல்வியின் குரல் மாறியது.

"கண்ணு, நான்தான். எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கேன். மூச்ச விடு. மெதுவா விடு."

நான் ரிசீவரை வைக்கவில்லை. மறுமுனையில் அந்தப் பெண் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. செல்வி "ம்" சொல்வது மட்டும் கேட்டது. ரொம்ப நேரத்துக்கு "ம்", "ம்", அப்புறம் "கதவத் தொறந்து வச்சிருக்கல்ல?" தங்கவேல் சார் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று சொன்னேன். ஜீப் வந்துவிட்டது என்று செல்வி சொன்னபோதுதான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று செல்வியே கூப்பிட்டுச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கக்கா, நம்பரத் தேடிக் குடுத்தது நீங்கதான்" என்றாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அன்று மாலை அறிக்கை எழுதினேன். லாக் ஆஃப் கொடுத்தது என் தவறு என்று முடித்திருந்தேன். தங்கவேல் சார் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சாத்தச் சொன்னது நானுங்க. என்ற பேரையும் எழுதுங்க."

எத்தனையோ மேலாளர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

3. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, உடுமலைப்பேட்டை போய் மூணாறு பஸ் பிடித்து மறையூரில் இறங்கினேன். கடைவீதி மாடியில் இரண்டே அறைதான் அந்த உதவி எண் அலுவலகம். செல்வி என்னைவிடக் குள்ளம், குரலுக்குப் பொருத்தமில்லாமல் சின்ன உருவம். எனக்கு இட்லியும், ஊருக்குக் கொண்டுபோக ஒரு உருண்டை வெல்லமும் வாங்கி வைத்திருந்தாள்.

அவள் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். முட்டி வலி என்று கூப்பிட்ட ஒருவர், மனைவி இறந்ததிலிருந்து தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்லவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். செல்வி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில்தான் நான்கு வரி டைப் செய்தாள். இத்தனை வருடம் நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது இவர்களைத்தான், ஆனால் இவர்கள் செய்யும் வேலையை ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அங்கே உறைத்தது.

திரும்பி வந்ததும் டாஷ்போர்டில் ஆடியோ போக்குவரத்துக்கு, அதாவது யார் போனில் இருக்கிறார் என்று காட்ட, ஒரு பத்தி சேர்த்தேன். கையோடு ஒரு விதியும் எழுதினேன்: போன் பண்ணிக் கேட்காமல் யாருடைய கணினியையும் மூடக்கூடாது.

"பதினேழு பேருக்கும் போன் போட்டுட்டு இருந்தா வெளங்குமுங்களா?" என்றார் தங்கவேல் சார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

மழைக்காலத்தில் மறுபடி ஒரு நாள் மெமரி முட்டியது. பட்டியலை எடுத்துக்கொண்டு ஆளுக்குப் பாதியாக நானும் அவரும் போன் செய்தோம். பாதிப் பேர் தாங்களே மூடிவிட்டார்கள். மறையூர் மூன்றுக்கு நான் கூப்பிட்டேன். செல்வி குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"யக்கா, ஒருத்தவுக அழுதுக்கிட்டு இருக்காக. அரை மணி நேரம் குடுங்க."

கொடுத்தேன்.