டப்பா தீர்வதற்குள்

எங்கள் கார் சிவப்பு. யாரோ ஓட்டிச் சலித்து விற்றது. வெயிலில் வெளுத்துப் போயிருந்ததால் எங்கள் கைக்கு எட்டியது. அதைப் பழைய சிவப்புக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று என் கணவர் பெயின்ட்டுக்கு மெருகேற்றும் வேக்ஸ் ஒரு டப்பா வாங்கி வந்தார்.

அவருக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. லைன் முடிகிற இடத்தில் நின்று, வெளியே போகும் வண்டியில் கீறல் இருக்கிறதா என்று கையுறையோடு தடவிப் பார்த்து விடுகிறவர். ஒரு முழு நாள் அப்படித் தடவிவிட்டு வருகிறவர், ஞாயிற்றுக்கிழமையும் அதையே ஆசையாகச் செய்வார். பெல்ட்டைக் கழற்றிவிடுவார், பக்கிள் பெயின்ட்டில் உரசுமாம். வாட்ச், மோதிரம் எதுவும் கூடாது. முதல் நாள் நானும் உதவுகிறேன் என்று போனபோது என் வளையல்களைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாலியை உள்ளே விடச் சொன்னார். பிறகு அவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் வளையல்கள் அவர் நெஞ்சில் கலகலத்துக்கொண்டிருந்தன.

வீட்டு வாசல் புங்கமர நிழலில்தான் பூசுவோம். வெயிலில் சூடான தகரத்தில் தொட்டால் வேக்ஸ் உடனே காய்ந்து, இன்னும் இன்னும் கேட்கும். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்துகொள்வார். காய்ந்த ஸ்பாஞ்ச் பாதியை அதுவே குடித்துவிடும். ஒரு கதவுக்குப் புளியங்கொட்டை அளவுதான் எடுப்பார்.

"இன்னா மாமா, இத்தினியூண்டு வச்சிகினு முழு கதவையும் பூசப் போறியா?" என்றேன்.

"ஏ பிள்ள, இது என்ன தோசைக்கு எண்ணெயா, ஊத்த ஊத்த முறுகலா வாறதுக்கு?" என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கம். "பூசுனதே கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அம்புட்டும் வேஸ்ட்டு. நாமதான் உக்காந்து தொடைக்கணும்."

ஒரு கதவு முடிந்து லேசாகப் பனி படர்ந்த மாதிரி ஆனதும் விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். விரல் போன இடம் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம் என்று அர்த்தம். அடுத்த கதவுக்கு அதன்பிறகுதான் போவார். இப்படியே போனால் மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான் என்று நான் முனகுவேன். உண்மையில் எனக்கு அவசரமே இல்லை. நான் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேறு ஷிப்ட். வாரம் முழுக்க ஒருவர் வரும்போது மற்றவர் கம்பெனி பஸ் ஏறுவோம். அந்த மரத்தடியில்தான் நாங்கள் கணவன் மனைவியாக இருந்தோம்.

ஆடி மாதம் அவரைக் குஜராத்தில் உள்ள பிளாண்டுக்கு அனுப்பினார்கள். புது மாடல் வெளியே வரும்வரை அங்கேதான், லீவு கிடையாது என்றார்கள். கிளம்பும்போது டப்பாவைத் திறந்து காட்டினார். முக்கால்வாசி இருந்தது.

"இது தீர்றதுக்குள்ள வந்துருவேன்" என்றார்.

சொன்னவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சீக்கிரம் தீர்த்துவிட்டால் சீக்கிரம் வந்துவிடுவார் என்பது போல, அடுத்த ஞாயிறே விரல் நிறைய வழித்து அப்பினேன். கண்ணாடி ஓரத்துக் கறுப்பு ரப்பரெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஆகிப்போயிற்று. துடைத்துத் துடைத்துத் தோள் விட்டுப்போனது. வளையலைப் போட்டுக்கொள்ளச் சட்டைப் பை இல்லாமல் ஜன்னலில் வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

தீபாவளி போயிற்று. பொங்கலும் போயிற்று. புது மாடல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. டப்பா தீர்ந்து அவர் வராவிட்டால், அவர் சொன்னது பொய்யாகிவிடுமே! அன்றிலிருந்து நான் மகா கஞ்சம். புளியங்கொட்டை மிளகானது. லாரிகள் கிளப்பும் தூசியை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, வெளுப்பு அதிகம் தெரியும் பானட்டுக்கு மட்டும் பூசினேன். ஒரு மிளகளவு வேக்ஸ் எவ்வளவு தூரம் போகும் என்று இந்தப் பக்கத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

போன வாரம் போனில், பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "டப்பா தீந்துட்டா?"

"இல்ல மாமா, இன்னும் கீது."

"அப்பாடா" என்று சிரித்தார். "அப்ப எனக்கு இன்னும் டைம் இருக்கு."

நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகுதான் உறைத்தது. இத்தனை மாதமாக ஒட்ட ஒட்டத் தேய்த்து நான் மிச்சம் பிடித்தது, அவர் வராமல் இருப்பதற்கான நேரத்தை. அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை வளையலைக் கழற்றி வைத்தேன். மிச்சம் இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்துப் பானட்டில் அப்பினேன், அதுவும் நல்ல வெயிலில். காலி டப்பாவைப் பானட்டின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. பிறகு வந்தது: "ஏ பிள்ள, வெயில்லயா பூசுன? ரப்பர்லாம் வெள்ளையா நிக்கி."

எனக்கு வந்ததே ஆத்திரம். என்ன பதில் எழுதலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது அடுத்தது வந்தது: "ஊருக்கு டிக்கெட் பாக்கேன்."

இன்னும் தேதி சொல்லவில்லை. பானட்டை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறேன். ரப்பரில் நிற்கும் வெள்ளையைத் தொடவில்லை. குறை பார்த்துச் சொல்வதுதானே அவர் வேலை, வந்து பார்க்கட்டும்.